ஒரு தொட்டி வெந்நீருக்குள் ஓர் எவரெஸ்ட்! தெரியுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். புதிதாக வாங்கி வைத்த ஹாட் டப் என்னும் வெந்நீர்த் தொட்டியில் தோட்டத்துக் குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்பியாயிற்று. சுவிட்சையும் தட்டியாயிற்று. தோளில் துண்டோடு காத்து நிற்கிறார் வீட்டுக்காரர். அரை மணி கழித்து விரலை விட்டுப் பார்க்கிறார். ஜில்! ஒரு மணி கழித்து மறுபடி விடுகிறார். அப்போதும் ஜில்! இரண்டு மணி கழித்தும் பெரிதாக மாற்றமில்லை. 'கடைக்காரன் ஏமாற்றிவிட்டானோ?' என்று வயிற்றில் புளி கரைக்கிறது.

யாரும் ஏமாற்றவில்லை! மெஷினும் பழுதில்லை! அந்தத் தொட்டிக்குள் அமைதியாக நடந்துகொண்டிருக்கும் வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்தால், அவர் துண்டை மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். வாருங்கள், குழாயைத் திறப்பதிலிருந்து முங்கி உட்காரும் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

சூடாக எத்தனை மணி நேரம் ஆகும் தெரியுமா?

நாலைந்து பேர் உட்காரும் தொட்டியில் 1,500 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். எடை ஒன்றரை டன்! குழாயில் வருவது 10 டிகிரி குளிர்நீர். நமக்கு வேண்டியது 38 டிகிரி. ஏற வேண்டியது 28 டிகிரி. இந்தத் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி ஏற்றவே சுமார் 1.75 யூனிட் மின்சாரம் வேண்டும். மொத்தம் 49 யூனிட்! ஹீட்டரின் திறன் 3 கிலோவாட் என்றால் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் ஒரு துளி சூடுகூட வெளியே போகாவிட்டால்தான்!

49 யூனிட் என்றால் எவ்வளவு? தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதில் பாதியை ஒரே ராத்திரியில் விழுங்கிவிடும் இந்தத் தொட்டி!

அந்தச் சூட்டை இட்லியாக மாற்றினால்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும் சூட்டைத்தான், உணவைப் பற்றிப் பேசும்போது நாம் 'ஒரு கலோரி' என்கிறோம். 1,500 லிட்டர், 28 டிகிரி. பெருக்கிப் பாருங்கள்: 42,000 கலோரி! நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 21 நாள் சாப்பாடு! சின்ன இட்லி ஒன்றுக்கு 40 கலோரி என்று வைத்தால் 1,050 இட்லி. ஆளுக்கு மூன்று பரிமாறினால் 350 இலைக்குக் காணும். ஒரு கல்யாணத்துக் காலை டிபனே தொட்டிக்குள் கரைந்து கிடக்கிறது!

எவரெஸ்ட் எங்கே வந்தது?

இதுதான் பெரிய வியப்பு! 28 டிகிரி சூடேற்றச் செலவான அதே ஆற்றலைக் கொண்டு அந்த ஒன்றரை டன் தண்ணீரை மேலே தூக்கினால் எவ்வளவு உயரம் தூக்கலாம்? மாடி வரை? மலை உச்சி வரை? கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர்! எவரெஸ்ட்டின் உயரமே 8,849 மீட்டர்தான். அதையும் தாண்டி, பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கு! கொல்லைப்புறத்தில் சத்தமில்லாமல் முனகிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஹீட்டர் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து முடிக்கும் வேலை இது.

இந்தக் கணக்கைப் போட வழிகாட்டியவர் இங்கிலாந்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல். மதுபானம் காய்ச்சும் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை! 1840-களில் கீழே இறங்கும் எடைக்கற்களை நூலில் கட்டி, அவற்றால் துடுப்புகளைச் சுழலவைத்து, மூடிய பாத்திரத்துத் தண்ணீரைக் கலக்கிக் கலக்கி, அது எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். இன்றைய கணக்குப்படி, தண்ணீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால்தான் அந்த மோதலில் ஒரு டிகிரி சூடேறும். அப்படியானால் 50 மீட்டர் உயர நயாகராவின் அடிவாரத்துத் தண்ணீர், உச்சியில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு டிகிரியை ஒட்டித்தான் கூடுதல் சூடு!

இன்னொன்று கேளுங்கள். 1847-இல் ஜூலுக்குக் கல்யாணம். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தேனிலவு. அங்கே வழியில் அவரைச் சந்தித்ததாக விஞ்ஞானி கெல்வின் பிரபு பின்னாளில் ஒரு கதை சொன்னார். புது மாப்பிள்ளையின் கையில் ஒரு நீளமான தெர்மாமீட்டர்! அருவியின் மேலும் கீழும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று பார்க்கக் கிளம்பியிருந்தாராம்!

தண்ணீருக்குப் பதில் இரும்பு இருந்தால்?

அதே 49 யூனிட்டை ஒன்றரை டன் இரும்புக்குக் கொடுத்திருந்தால், அது 28 டிகிரியா ஏறியிருக்கும்? சுமார் 260 டிகிரி! தோசைக்கல்லைவிடக் கொதியாய்க் கொதித்திருக்கும். தண்ணீர் மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தம்? அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. கொடுக்கிற சூட்டில் ஒரு பங்கு அந்தப் பிணைப்புகளை நெகிழ்த்தவே போய்விடுகிறது. சட்டென்று சூடாகாது, சட்டென்று ஆறவும் ஆறாது. இந்தப் பிடிவாதத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் இதற்கே திரும்ப வரப்போகிறோம்!

ஊருக்கு ஊர் பிளக் மாறினால் சூடாகும் நேரமும் மாறும், தெரியுமா?

அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக் 120 வோல்ட். 15 ஆம்பியர் சுற்றில் அதிகபட்சமே 1.8 கிலோவாட்தான். பிளக்கில் செருகிவிடும் தொட்டிகளின் ஹீட்டர் அதனால்தான் பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. நம் 1,500 லிட்டரை அதில் சூடாக்க ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள்! அங்கேயே எலெக்ட்ரீஷியனை அழைத்து 240 வோல்ட் தனி லைன் இழுத்தால் 5.5 கிலோவாட் ஹீட்டர் ஓடும், ஒன்பது மணி நேரத்தில் வேலை முடியும். பிரிட்டனில் 13 ஆம்பியர் பிளக்கே கிட்டத்தட்ட 3 கிலோவாட் தாங்கும்.

இதில் ஒரு வேடிக்கை! 120 வோல்ட் தொட்டிகள் பலவற்றில் தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டை முழு வேகத்தில் ஓடவிட்டால் ஹீட்டர் தானாக நின்றுவிடும். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க அந்தப் பிளக்கில் மின்சாரம் போதாது. 'நுரை பொங்கினால் சூடு கிடையாது, சூடு வேண்டுமென்றால் நுரை கிடையாது' என்று தொட்டியே கணக்குப் பேசும்!

குழாயைத் தொட்டிக்குள் போடக் கூடாதாம்!

பிறகு எங்கே போடுவது? ஃபில்டர் இருக்கும் குழிக்குள்! பழகியவர்கள் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் குழாயை அந்தப் பள்ளத்தில்தான் செருகுவார்கள். தண்ணீர் உள்குழாய்கள் வழியாக ஏறி வரும்போது அங்கே அடைந்திருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டே வந்துவிடும்.

காற்று மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வயலில் பம்புசெட்டு ஓட்டியவர்களைக் கேளுங்கள்! 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள். மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. குடத்தால் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றினால்தான் பம்ப் இழுக்கும். அதே கதைதான் இங்கேயும். நவீனத் தொட்டிக்குக் கொஞ்சம் புத்தி உண்டு. தண்ணீர் ஓடவில்லை என்று உணர்ந்தால் ஹீட்டருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திரையில் எச்சரிக்கை காட்டும். பம்போடு சேரும் குழாய் இணைப்பைச் சற்றே தளர்த்தினால் 'புஸ்ஸ்' என்று காற்று போகும், தண்ணீர் கசியத் தொடங்கும், உடனே முறுக்கிவிட வேண்டும். அதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்த மறக்கக் கூடாது!

தண்ணீர் நிரம்புமுன் ஏன் சுவிட்ச் போடக் கூடாது என்பதும் இப்போது புரிந்திருக்கும். வாளியில் வைக்கும் ஹீட்டர் ராடைக் காற்றில் எரியவிட்டால் என்ன கதி? அதே கதிதான்!

தண்ணீர் தானாகவே கூடும், தெரியுமா?

10 டிகிரியில் 1,500 லிட்டர் நிரப்பிவிட்டுக் குழாயை மூடிவிட்டீர்கள். சூடாகி முடித்தபின் பார்த்தால் சுமார் 10 லிட்டர் கூடியிருக்கும்! யாரும் ஊற்றவில்லை. சூட்டில் தண்ணீர் விரிந்துவிட்டது, அவ்வளவுதான். தொட்டியில் மட்டம் சுமார் 3 மில்லிமீட்டர் ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு பெரிய வாளித் தண்ணீர்!

உள்சுவரில் முத்து முத்தாகச் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது சோப்பும் இல்லை, அழுக்கும் இல்லை. குளிர்நீர் தனக்குள் நிறையக் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். சூடேறச் சூடேற அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றுதான் அந்த முத்துகள்!

விளிம்புவரை நிரப்பாதீர்கள் என்பதற்கு இந்த 3 மில்லிமீட்டர் காரணமில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் முங்கினால் ஏறத்தாழ 70 லிட்டர் தண்ணீர் இடம் மாறும். ஐந்து பேர் இறங்கினால் 350 லிட்டர்! ஆர்க்கிமிடீஸ் 'யுரேகா' என்று கத்திக்கொண்டு ஓடியதாகச் சொல்லும் கதையும் ஒரு குளியல் தொட்டியிலிருந்து ஆரம்பிப்பதுதானே!

திரையில் தெரியும் டிகிரி பொய் சொல்லும்!

பல தொட்டிகளில் வெப்பத்தை அளக்கும் உணரி ஹீட்டர் பக்கத்துக் குழாய்க்குள் இருக்கும். பம்ப் ஓடாதபோது அது காட்டுவது குழாய்க்குள் தேங்கிய தண்ணீரின் சூட்டை! தொட்டியின் சூடு வேறு. தண்ணீர் ஓடாமல் நின்றால் மேலே சூடு, அடியில் குளிர் என்று இரண்டு அடுக்காகவும் பிரிந்துகொள்ளும். அண்டாவில் விளாவிய வெந்நீரைக் கையால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத்தானே குளிப்போம்? அங்கேயும் அதே கலக்கல்தான். அதைப் பம்ப் செய்கிறது!

பம்பே தண்ணீரைச் சூடாக்கும், தெரியுமா?

1798-இல் விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஜெர்மனியின் மியூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழலைக் குடையும் இடத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குதிரையை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது! நெருப்பு கிடையாது, விறகு கிடையாது, வெறும் உராய்வு! பார்த்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

உங்கள் தொட்டிப் பம்பும் அதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. மோட்டார் தண்ணீரைத் தள்ளும் உழைப்பெல்லாம் கடைசியில் சூடாகவே அடங்குகிறது. கோடைக்காலத்தில் ஹீட்டரே போடாமல் தொட்டி தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டே போவது இதனால்தான். சாஃப்டப் என்ற அமெரிக்கத் தொட்டியில் தனி ஹீட்டரே இல்லை. மோட்டார் கக்கும் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்கே திருப்பிவிடுகிறார்கள்!

1 கொடுத்தால் 3 கிடைக்கும் மாயம்!

ஹீட் பம்ப் என்று ஒரு கருவி உண்டு. பிரிட்ஜைத் திருப்பி வைத்தது மாதிரி! வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளும். மிதமான நாளில் 1 யூனிட் மின்சாரம் செலவழித்து 3 யூனிட்டுக்கு மேல் சூடு வாங்கிவிடலாம். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அது சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. வெளியே குளிர் கூடக் கூட இந்த லாபம் குறையும்.

தொட்டியின் உயிர் மூடியில்!

ஹீட்டரைவிட முக்கியமான உறுப்பு எது? மூடி! திறந்து கிடக்கும் தொட்டி தன் சூட்டில் பெரும்பகுதியை இழப்பது ஆவியாகத்தான். எவ்வளவு என்று கேளுங்கள், ஆடிப்போவீர்கள். ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் பறந்தால், அது 20 லிட்டர் குளிர்நீரைச் சூடாக்கச் செலவான சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும்! 1,500 லிட்டர் தொட்டியும் கிட்டத்தட்ட 0.4 டிகிரி இறங்கிவிடும்.

நம் வீட்டு மண்பானை நினைவுக்கு வருகிறதா? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டைத் திருடிக்கொண்டு போகிறது, தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. நமக்கு வெயிலில் வரமாக இருப்பது அவர்களுக்குக் குளிரில் சாபம்! படம் பிடிக்க அழகாக இருக்கும் அந்த வெண்புகை இருக்கிறதே, அது பறந்து போகும் மின்கட்டணம்!

சூடாகும்போது மூடியைத் திறந்து திறந்து 'ஆச்சா?' என்று பார்க்கிறவருக்கு இன்னும் தாமதமாகத்தான் ஆகும். ஜெட்டில் காற்று கலக்கும் திருகையும் மூடி வைக்க வேண்டும். குளிர்காற்றைக் குமிழாக்கி உள்ளே ஊதினால் தண்ணீர் ஆறத்தானே செய்யும்? சூடான டீயை ஊதிக் குடிக்கும் நாம் இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை!

சர்க்கரை கரையும், சுண்ணாம்பு உறையும்!

தண்ணீர் சூடாக ஆகச் சர்க்கரை அதிகமாகக் கரையும். ஆனால் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு எல்லாம் தலைகீழ்! சூடு ஏற ஏற அது கரைந்திருக்க மறுத்து வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கே? தண்ணீர் மிகவும் சூடாக இருக்கும் இடத்தில், அதாவது ஹீட்டர் கம்பியின் மேலேயே! கீசர் வைத்திருப்பவர்கள் 'உப்புப் பிடிச்சுப் போச்சு' என்று புலம்புவது இதைத்தான். கம்பிக்குச் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும். சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியே வெந்து கெடும்.

பூ பார்க்கப் போனவர்களைக் கொன்ற தொட்டி, தெரியுமா?

இது மெய்சிலிர்க்க வைக்கும் உண்மை. 1999 பிப்ரவரி. நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் பெரிய மலர்க் கண்காட்சி. பக்கத்துக் கூடத்தில் விற்பனைக்காக நுரை பொங்கும் குளியல் தொட்டிகளை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதில் குளிக்கவில்லை. கடந்து நடந்து போனவர்கள் காற்றில் பறந்த நுண்துளிகளைச் சுவாசித்தார்கள். அதில் இருந்தது லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. சுமார் 200 பேர் கடுமையாக நோயுற்றார்கள். குறைந்தது 32 பேர் இறந்தார்கள்!

1976-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் மர்மக் காய்ச்சலில் மடிந்ததை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி முதன்முதலில் மாட்டியது. அந்தப் படைவீரர் சங்கத்தின் பெயர் அமெரிக்கன் லெஜியன். அதுவே கிருமிக்கும் பெயரானது. இதற்குப் பிடித்த சூடு 20 முதல் 45 டிகிரி வரை. நமக்குச் சுகமான 38 டிகிரி அதற்கும் சுகம்!

அதனால்தான் நிரப்பிச் சூடாக்கினால் மட்டும் போதாது, மருந்தும் போட வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஹாட் டப்புக்குச் சொல்லும் அளவு, லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின். பி.எச். அளவு 7-க்கும் 7.8-க்கும் நடுவே. வெந்நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு ரகசியம்! மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை' வந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்தால் வரும் நாற்றம் அது! நல்ல தண்ணீரில் வாசனை அவ்வளவாக இருக்காது.

40 டிகிரியில் ஏன் கோடு போட்டார்கள்?

தொட்டியின் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் 40-க்கு மேல் போகாது. சும்மா வைத்த எண் இல்லை! சுமார் 43 டிகிரித் தண்ணீரில் ஊறியவர்கள் சிலர் இறந்ததைப் பார்த்து, அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1979-இல் '40-ஐத் தாண்டாதீர்கள்' என்று எச்சரித்தது.

காரணம் எளிது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உங்கள் உடம்பு ஏறத்தாழ 100 வாட் பல்பு அளவுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக அதைக் காற்றுக்கும் வியர்வைக்கும் கொடுத்துத் தப்பிக்கிறது. தண்ணீருக்குள் வியர்வை ஆவியாக வழியேது? சுற்றி இருப்பதும் உடம்பைவிடச் சூடு! சூடு வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்குகிறது. மது குடித்துவிட்டு இறங்கினால் மயக்கம் தெரியாமலே வந்து சேரும். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இந்தத் தொட்டிக்குப் பலர் சொல்லும் 'ஜக்கூஸி' என்பது ஒரு குடும்பப் பெயர், தெரியுமா?

இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன ஏழு அண்ணன் தம்பிகளின் குடும்பப் பெயர்! அவர்கள் முதலில் செய்தது தொட்டி இல்லை, விமானம்! 1915-இல் ராக்கேலே ஜக்கூஸி வடிவமைத்த மர விசிறி விமானங்களுக்குப் போனது. பயணிகள் உட்கார மூடிய அறை கொண்ட ஜே-7 என்ற விமானத்தையும் உருவாக்கினார்கள். 1921-இல் அது விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் ஒருவர் சகோதரர்களில் ஒருவரான ஜியோகோண்டோ. அத்தோடு விமானத்துக்குத் தலைமுழுகிவிட்டார்கள்.

காற்றைத் தள்ளக் கற்ற கைகள் அடுத்துத் தண்ணீரைத் தள்ளின. 1920-களில் ஆழ்கிணற்று ஜெட் பம்ப்! விவசாயிகளிடம் நல்ல பெயர் வாங்கியது. கடைக்குட்டி காண்டிடோவின் மகனுக்குச் சின்ன வயதிலேயே கடுமையான மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் சுழல்நீர்ச் சிகிச்சை கொடுத்தால் வலி தணிந்தது. 'நம்மிடம்தான் பம்ப் இருக்கிறதே!' என்று வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கும் சின்னப் பம்பை அந்தக் குடும்பம் உருவாக்கியது. 1950-களில் அது விற்பனைக்கும் வந்தது. பின்வந்த தலைமுறையின் ராய் ஜக்கூஸி 1968-இல் ஜெட்டுகளைத் தொட்டிக்குள்ளேயே பொருத்தி 'ரோமன் பாத்' என்று பெயர் வைத்தார். நோயாளிக் குழந்தைக்குப் பிறந்தது, பணக்காரர்களின் ஆடம்பரமாக வளர்ந்தது!

நம் வீட்டு 'கீசர்' எந்த ஊர்ச் சொல் தெரியுமா?

ஐஸ்லாந்து! அங்கே ஹௌகடாலுர் பள்ளத்தாக்கில் பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மௌகன் என்பவர் எரிவாயுவில் வெந்நீர் தரும் கருவி ஒன்றைச் செய்து, அந்த ஊற்றின் பெயரையே வைத்தார். அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்து நம் குளியலறைச் சுவரில் குடியேறிவிட்டது. திருநெல்வேலியில் 'கீசரைப் போடு' என்கிறவர் உச்சரிப்பது ஓர் ஐஸ்லாந்து ஊற்றின் பெயரை!

மின்சாரமே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில்!

பின்லாந்துக்காரர்கள் மரத்தொட்டியை 'பல்யு' என்கிறார்கள். பக்கத்தில் விறகு அடுப்பு. அதன் சூடு 20, 30 கிலோவாட்டைத் தொடும். நம் 16 மணி நேர வேலையை இரண்டரை மணியில் முடித்துவிடும்! பல தொட்டிகளில் பம்ப்கூடக் கிடையாது. அடுப்பில் சூடான தண்ணீர் லேசாகி மேல் குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏறும், அடியில் இருக்கும் குளிர்நீர் கீழ்க் குழாய் வழியாக அடுப்புக்கு இறங்கும். தானே சுற்றிக்கொள்ளும் தண்ணீர்!

ஜப்பானில் இன்னும் துணிச்சல்! இரும்புத் தொட்டிக்கு அடியிலேயே நேராக நெருப்பு. அடிப்பாகம் சுடுமே? மிதக்கும் மரப்பலகை ஒன்றைக் காலால் அமுக்கி அதன்மேல் உட்காருவார்கள். பெயர் கோஎமோன்-புரோ. 1594-இல் கொதிக்கும் கொப்பரையில் போட்டுக் கொல்லப்பட்ட இஷிகாவா கோஎமோன் என்ற திருடனின் பெயர்! அந்தப் பெயரை வைத்துக்கொண்டும் நிம்மதியாகக் குளிக்கிறார்களே, அதுதான் ஆச்சரியம்!

நாளைக்கு 1,000 தொட்டி சூடாக்கும் ஊர், தெரியுமா?

இங்கிலாந்தின் பாத் நகரம். ரோமானியர்கள் குளித்த ஊற்று. 46 டிகிரி சூட்டில் நாளொன்றுக்கு 11,70,000 லிட்டர் பொங்கி வருகிறது. நம் கணக்கையே அதற்கும் போட்டுப் பார்த்தால், 10 டிகிரிக் குளிர்நீரை அப்படிச் சூடாக்க நாளுக்குச் சுமார் 49,000 யூனிட் வேண்டும். அதாவது நம் கொல்லைப்புறத் தொட்டிகள் ஆயிரத்தை ஒவ்வொரு நாளும் சூடாக்கும் அளவு! பூமித்தாய் பில் அனுப்புவதில்லை!

ஐஸ்லாந்தின் ரேய்க்ஹோல்ட் ஊரில் 13-ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் பெயரில் ஒரு வட்டக் குளம் இன்றும் இருக்கிறது. வெந்நீர் ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். 'எப்போது சூடாகும்' என்ற கவலை அங்கே இல்லை. 'எப்படி விளாவி ஆற்றுவது' என்பதுதான் கவலை!

ஜப்பானின் ஜிகோகுதானியில் 1963-இல் குரங்குகள் வெந்நீர் ஊற்றில் இறங்க ஆரம்பித்தன. அவற்றுக்கென்றே தனிக் குளமும் கட்டிவிட்டார்கள். குளிர்காலத்தில் ஊறும் பெண் குரங்குகளுக்கு மன அழுத்தம் குறைவதைக் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கண்டு சொன்னார்கள். பனி தலையில் கொட்ட, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களைப் பார்த்தால் ஆய்வே தேவையில்லை!

அந்தப் பிடிவாதம் மெரினாவில் என்ன செய்கிறது தெரியுமா?

கடைசியில் திரும்புவோம் என்றேனே, இதோ! வெயில் ஏறினால் சென்னையின் மணலும் தாரும் தகிக்கின்றன. பக்கத்திலேயே கடல், அதே வெயில். ஆனால் கடல் சட்டென்று சூடாவதில்லை. தரைமேல் காற்று சூடாகி மேலே எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்குப் பாய்ந்து வருகிறது. அதுதான் நாம் காத்துக் கிடக்கும் கடற்காற்று! இங்கிலாந்துக் கொல்லையில் ஒருவரைப் பதினாறு மணி நேரம் காக்கவைத்த அதே குணம்தான் இங்கே நமக்கு விசிறுகிறது.

அது சரி, நம் வீட்டுக்காரர் என்ன ஆனார்? சனிக்கிழமை மதியம். மூடியைத் தூக்குகிறார். 38! குடும்பமே இறங்கி முங்குகிறது. வெளியே குளிர்காற்று வீசுகிறது, தண்ணீர் இளகுவதாக இல்லை. ராத்திரி முழுக்கச் சூடாக மாட்டேன் என்று அடம் பிடித்த அதே தண்ணீர், இப்போது ஆற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது!

ஒவ்வொருவராக எழுந்து துண்டைத் தேடுகிறார்கள். வெண்புகை கொத்துக் கொத்தாக மேலே போகிறது. ஒரு லிட்டருக்கு இருபது லிட்டர் சூடு என்ற கணக்கு வீட்டுக்காரருக்கு இப்போது மனப்பாடம். கடைசியாக ஏறியவரைப் பார்த்து ஒரே சத்தம்:

"முதல்ல மூடியைச் சாத்துங்கப்பா!"